கச்சான் வெயிலில் ஒரு 30 சிசி எஞ்சின்: காபரேற்றரைப் பிரித்தது முதல் ஊசியை நிறுத்தியது வரை

உப்புவெளியைச் சேர்ந்த தம்பி ஒருவர் தமது ரேடியோ விமானத்தின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தபோது, காபரேற்றரின் இரண்டு ஊசிகளும் எத்தனையோ தடவை திருகப்பட்டிருந்தன என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. திருப்புளி பதியும் பிளவுகள் மழுங்கி ஓரம் உதிர்ந்திருந்தன. அது 30 சிசி கொள்ளளவும் ஒற்றைச் சிலிண்டரும் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பின்பக்கம் கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு, அதன் மேல் வால்ப்ரோ வகைக் காபரேற்றர், மின்பொறிக்கு சிடிஐ பெட்டி என்று இந்த அளவு எஞ்சின்களில் வழக்கமாக இருக்கும் அமைப்புத்தான் இதிலும் இருந்தது. குறையை அவர் தெளிவாகவே சொன்னார். மெதுவாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. முழு வேகத்துக்குக் கொண்டுபோய்ப் பதினைந்து, இருபது வினாடி பிடித்தால் முதலில் சத்தம் கூர்மையாகும், பிறகு வலு இறங்கும், அதன் பிறகு நின்றுவிடும். முழு வேகத்துக்கு எரிபொருளை அளக்கும் ஹை ஊசியை இன்னும் திறந்தால் தரையில் புகை கக்கிக்கொண்டு ஓடும். ஆனால் வானத்தில் ஏறியதும் பழையபடி நின்றுவிடும்.

இந்தக் குறிகளைக் கேட்டால் கை தானாக ஊசிக்குத்தான் போகும். ஆனால் ஊசி என்பது ஒழுங்காக வந்து சேரும் எரிபொருளை அளந்து கொடுக்கும் ஒரு துளை மட்டுமே. எரிபொருள் ஒழுங்காக வராத இடத்திலும், கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகும் இடத்திலும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே எரிபொருள் தாங்கியிலிருந்து சிலிண்டர் வரையான பாதை முழுவதும் சரி என்று உறுதியாகும் வரை நான் ஊசியைத் தொடுவதில்லை. இந்த எஞ்சினிலும் அந்த ஒழுங்கிலேயே வேலை செய்தேன்.

தாங்கியில் தொடங்கினேன். வெளியே தெரிந்த குழாய்கள் பெற்றோலைத் தாங்கும் மஞ்சள் நிற டைகன் குழாய்கள். அந்தத் தெரிவில் பிழை இல்லை. மெதனோலில் ஓடும் குளோ எஞ்சின்களுக்குப் பயன்படுத்தும் சிலிக்கன் குழாய் பெற்றோல் பட்டால் ஊதிப் பருத்து மென்மையாகிவிடும், அதே எஞ்சின்களின் தாங்கி அடைப்பானும் பெற்றோலில் கரைந்து பிசுபிசுத்துவிடும் என்பதால், பழைய குளோ விமானத்தைப் பெற்றோலுக்கு மாற்றுபவர்கள் இந்த இரண்டையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே சிக்கல் உள்ளே இருந்தது. தாங்கிக்குள் எரிபொருளை உறிஞ்சும் எடைக் குண்டைத் தாங்கும் குழாய் காலப்போக்கில் விறைத்து, குண்டு எந்தப் பக்கமும் விழாமல் ஒரே நிலையில் நின்றது. விமானத்தின் மூக்கு மேலே உயரும்போது எரிபொருள் பின்பக்கம் ஓடும், குண்டும் கூடவே ஓட வேண்டும்; மூக்கு கீழே இறங்கும்போது முன்னுக்கு வர வேண்டும். விறைத்த குழாய் அதைத் தடுத்தால் எஞ்சின் இடையிடையே காற்றைக் குடிக்கும். டைகன் குழாயைப் பார்வையால் மதிப்பிட முடியாது. விரலால் மடித்துப் பார்த்தால், புதியது உடனே நிமிரும், பழையது மடிந்த தடத்துடன் நிற்கும். குழாயையும் கம்பளிக் குண்டையும் மாற்றினேன். பித்தளைக் குழாய்களின் நுனியில் மெல்லிய செம்புக் கம்பியை வளையமாகச் சுற்றி ஈயம் பற்றவைத்து, குழாய் நழுவாதபடி மேலே கட்டும் போட்டேன்.

தாங்கியில் கண்டது ஒரு காரணம். ஆனால் தரையில், விமானம் அசையாமல் கட்டப்பட்டிருக்கும் நிலையிலும் இருபது வினாடியில் வலு இறங்குவதற்கு அது போதாது. ஆகவே காபரேற்றரைப் பிரித்தேன்.

இந்த வகைக் காபரேற்றரில் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் மிதவையும் கிண்ணமும் இல்லை. விமானம் தலைகீழாகவும் பறக்க வேண்டியிருப்பதால், மிதவையின் வேலையை இரண்டு மெல்லிய டயபிரம்கள் செய்கின்றன. ஒரு பக்க மூடியின் கீழ் இருப்பது பம்ப் டயபிரம். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங் அறையில் உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக வந்து அந்த டயபிரத்தை அசைக்கிறது. அதிலேயே நாக்குப் போல வெட்டப்பட்ட இரண்டு மடல்கள் வால்வுகளாக இயங்கி, தாங்கியிலிருந்து எரிபொருளை இழுத்து முன்னே தள்ளுகின்றன. தள்ளப்பட்ட எரிபொருள் மிக நுண்ணிய கம்பி வலை ஒன்றையும், அதற்கப்பால் கூர்முனையுள்ள வால்வையும் கடந்து, மறுபக்க மூடியின் கீழ் உள்ள அளவீட்டு அறைக்குப் போகிறது. அங்கே இரண்டாவது டயபிரம். எஞ்சின் எரிபொருளை உறிஞ்சும்போது அறையில் அழுத்தம் குறைய, மறுபக்கத்தில் நிற்கும் வெளிக் காற்று டயபிரத்தை உள்ளே தள்ளும். அதன் நடுவிலுள்ள பொத்தான் ஒரு சிறு நெம்பை அழுத்தும். நெம்பு கூர்முனை வால்வைத் திறக்கும். தேவையான அளவு எரிபொருள் வந்ததும் வில்லுச் சுருள் அதை மூடிவிடும். மெதுவான ஓட்டத்துக்கான லோ ஊசியும் ஹை ஊசியும் இந்த அறைக்குப் பிறகுதான் வருகின்றன. பம்ப் களைத்துப்போனால் இரண்டு ஊசிகளையும் முழுவதும் திறந்தாலும் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

பம்ப் மூடியைத் தூக்கியதும் குறை கண்ணில் பட்டது. டயபிரம் தோல் போன்ற மென்மையை இழந்து காய்ந்த ஓலை போல விறைத்திருந்தது. விரல் நகத்தால் மடலைத் தூக்கினால் அது திரும்பிப் படியாமல் தூக்கிய நிலையிலேயே நின்றது. கம்பி வலையின் பாதிப் பரப்பில் மஞ்சள் நிறப் பிசின் படிந்திருந்தது. மெதுவான ஓட்டத்துக்குச் சிறிதளவு எரிபொருளே வேண்டும் என்பதால் இந்த நிலையிலும் பம்ப் ஈடுகொடுத்தது. முழு வேகத்தில் அளவீட்டு அறையில் இருந்த இருப்புக் குறையக் குறைய, பம்பால் அதை நிரப்ப முடியவில்லை. அந்தப் பதினைந்து, இருபது வினாடிக் கணக்கு இங்கிருந்துதான் வந்திருக்கிறது.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் கலன்களில் பெற்றோல் கொடுப்பது நிறுத்தப்பட்டு, ஜூலை மாதத்தில் கியூஆர் அட்டை வழியான பங்கீடு வந்தபோது, நம்மில் பலருடைய விமானங்கள் சுவரில் தொங்கின. தாங்கியிலும் காபரேற்றரிலும் மிச்சமிருந்த கலவை அப்படியே ஆவியாகிப் பிசினாகியது. இந்த எஞ்சினும் அந்தக் காலத்தில் அப்படிக் கிடந்ததுதான் என்று தம்பி சொன்னார். அதற்குப் பிறகு அவர் பல தடவை பறக்கவிட்டிருந்தாலும், உள்ளே படிந்தது தானாகக் கரைந்து போவதில்லை.

டயபிரமும் கஸ்கட்டும் கொண்ட திருத்தப் பொதியைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டிய தேவை இல்லை. புல் வெட்டும் இயந்திரத்திலும் மரம் அரியும் சங்கிலி வாளிலும் இதே குடும்பக் காபரேற்றர்கள் இருப்பதால், அவற்றைத் திருத்தும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். காபரேற்றரின் உடலில் பொறித்திருக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். வெளித் தோற்றம் ஒன்றாக இருந்தாலும் டயபிரத்தின் துளைகள் வேறுபடும்.

சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஊசிகளைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, அடியில் தொடும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அடியில் இறுக்கினால் ஊசி முனையில் வளையம் விழும். அந்த ஊசி அதன் பிறகு எந்த அளவிலும் நிலைக்காது. துப்புரவாக்கும் ஸ்பிரேயை டயபிரம்களும் இறப்பர் நுனி வால்வும் வெளியே இருக்கும்போது மட்டுமே அடிக்க வேண்டும். துளைகளுக்குள் கம்பி விடக் கூடாது. வண்ணத்துப்பூச்சி வால்வின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் நுண்துளைகள்தான் மெதுவான ஓட்டத்திலிருந்து நடு வேகத்துக்கு மாறும்போது எரிபொருளைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பவை. அவற்றில் ஒன்று சற்றுப் பெரிதானாலும் அந்த மாற்றம் ஒருபோதும் மென்மையாக இராது. ஸ்பிரேயை ஊசித் துவாரத்தின் வழியாக அடித்து, அந்தத் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய தாரை நேராக வருகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். முதலில் ஒரு துளையில் தாரை சரிந்து வந்தது. இரவு முழுவதும் திரவத்தில் ஊறவிட்டு மீண்டும் அடித்தபோது மூன்றும் நேராக வந்தன.

அளவீட்டு அறையின் நெம்பு உயரம் அடுத்தது. வால்ப்ரோவின் டபிள்யூடி வகைக் காபரேற்றரில் நெம்பின் நுனி, கஸ்கட் அமரும் பரப்பிலிருந்து அண்ணளவாக 1.65 மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும். உயர்ந்து நின்றால் வால்வு விரைவாகத் திறந்து எரிபொருள் மிகும். தாழ்ந்து நின்றால் எரிபொருள் போதாது. வேர்னியர் கருவியின் ஆழக் கோலால் அளந்தேன். சரியாகவே இருந்தது, ஆகையால் வளைக்கவில்லை. பொதி மாற்றும்போதெல்லாம் நெம்பை வளைக்கத்தான் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அளக்காமல் வளைப்பதைவிட விட்டுவிடுவது நல்லது.

மூடும்போது அளவீட்டுப் பக்கத்தில் முதலில் கஸ்கட்டும் அதன் மேல் டயபிரமும் வரும். பம்ப் பக்கத்தின் ஒழுங்கு வேறு. பிரிக்கும்போதே கைத்தொலைபேசியில் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வைத்தால் இதில் தடுமாற்றம் வராது. மூடிய பின் எரிபொருள் நுழையும் முனையில் ஊசி மருந்துச் சிரிஞ்சைக் குழாயால் இணைத்துக் காற்றை மெதுவாக அழுத்தி, காபரேற்றரைப் பெற்றோல் கிண்ணத்தில் அமிழ்த்திப் பார்த்தேன். குமிழி வரவில்லை, அழுத்தம் நின்றது. இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, நிழலில், அடுப்புக்கும் மின்விசிறிக்கும் எட்டத்தில் செய்ய வேண்டும்.

காபரேற்றர் எஞ்சினில் அமரும் இடம் மிக முக்கியமானது. காபரேற்றருக்கும் ரீட் வால்வுக்கும் நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் ஒரு கட்டை இருக்கும்; அதன் இரு பக்கமும் கஸ்கட். அழுத்தத் துடிப்பு வரும் சிறு துளை இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகிறது. கஸ்கட்டைத் தலைமாற்றி வைத்தால் துளை மூடப்பட்டு, புத்தம் புதிய டயபிரமும் அசையாமல் கிடக்கும். அந்தக் கட்டையை மட்டமான கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தபோது ஒரு மூலை மயிரிழை தூக்கலாக ஆடியது. கண்ணாடியின் மேல் 400 இலக்க அரத்தாளைப் பரப்பி, எட்டு வடிவில் தேய்த்து மட்டமாக்கினேன்.

படகு எஞ்சின்களைத் திருத்தும் ஓர் அண்ணை எங்கள் பக்கத்தில் இருக்கிறார். கடலில் நின்றுபோன எஞ்சின்களோடு வாழ்ந்தவர். மட்டமாக்கிய கட்டையை அவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, காத்து எங்கயாவது களவாப் போகுதெண்டா எந்த ஊசியும் நிக்காது. முதல்ல காத்தப் பிடி” என்றார். “அதைத்தான் அண்ணை பிடிச்சுக்கொண்டிருக்கிறன்” என்றேன். அவர் சொன்னதுதான் முழு உண்மை. காபரேற்றருக்குப் பின்னால் கசிவு இருந்தால் எஞ்சின் சூடாகும்வரை ஒரு மாதிரியும் சூடான பின் இன்னொரு மாதிரியும் ஓடும்; முழு வேகத்திலிருந்து இறக்கினால் உடனே அடங்காமல் சிறிது நேரம் உயர்ந்தே நின்று பிறகு இறங்கும். அந்தக் குறி தெரிந்தால் ஊசியை மறந்துவிட்டுக் கஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

மின்பொறிப் பக்கத்தில் பெரிதாக வேலை இருக்கவில்லை. என்ஜிகே சிஎம்-6 பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளியை 0.5 மில்லிமீற்றருக்குக் கிட்ட வைத்தேன். பிளக் மூடியின் உள் வளையம் பிளக்கின் அறுகோணத்தை இறுகப் பிடிக்கிறதா என்று பார்த்தேன். அது தளர்ந்தால் மின்பொறியின் இரைச்சல் வெளியேறி ரிசீவரைக் குழப்பும். சிடிஐ பெட்டியும் அதன் பற்றரியும் ரிசீவரிலிருந்து குறைந்தது ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டில் கம்பி உலோகமாக இல்லாமல் நைலோனாக இருக்க வேண்டும். பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது பிளக்கை மூடிக்குள் வைத்து, மூடியின் உலோகப் பின்னல் அதன் உடலைத் தொடும்படி வைத்துத்தான் புரொப்பெல்லரைச் சுற்ற வேண்டும். பிளக் இல்லாமல் பொறியை விட்டால் பெட்டி பழுதாகிவிடும்.

எரிபொருள் கலவை பற்றித் திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே மீன்பிடிப் பொருள் விற்கும் கடை எதிலும் டூ ஸ்ட்ரோக் ஒயில் கிடைக்கும். அதன் போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருந்தால் அது படகின் வெளியிணைப்பு எஞ்சினுக்கானது. அந்த எஞ்சின் கடல் நீரால் குளிர்ச்சியடைகிறது. நமது எஞ்சின் காற்றால் மட்டும் குளிர்கிறது, சிலிண்டர் அதைவிட அதிகமாகச் சூடாகிறது. முன்னர் சொன்ன அண்ணையே இதைத் தெளிவாகச் சொல்லுவார்: “இந்த ஒயில் தண்ணியில குளிக்கிற எஞ்சினுக்குச் செய்தது.” நமக்கு வேண்டியது காற்றால் குளிரும் எஞ்சினுக்கான, ஜாசோ எஃப்டி (JASO FD) தரமுள்ள ஒயில். பெற்றோல் 92 ஒக்டேனே போதும். தயாரிப்பாளர் 30 க்கு 1 என்று சொல்லியிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 33 மில்லிலீற்றர் ஒயில். 40 க்கு 1 என்றால் 25 மில்லிலீற்றர். கண்மட்டத்தில் ஊற்றாமல் சிரிஞ்சால் அளப்பதே சரி. ஒயில் விகிதத்தை மாற்றினால் ஊசியையும் மீண்டும் பார்க்க வேண்டும். ஒயில் கூடினால் அதே துளையால் போகும் பெற்றோலின் பங்கு குறைகிறது, கலவை மெலிகிறது. பலர் இதை எதிர்மாறாக நினைக்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எஞ்சினை விமானத்தில் பூட்டி, நிலாவெளிக்கு அப்பால் உள்ள தரிசு வெளிக்குக் கொண்டுபோனோம். சீனன்குடாவில் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் இருப்பதால் நகரத்தின் பக்கத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. சிவில் விமான சேவை அதிகார சபையின் விதிகளையும் அறிந்து, அனுமதி பெற்ற இடத்தில்தான் பறக்கவிட வேண்டும். வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் காலை எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் மணல் கிளம்பும் என்பதால் விடிந்த கையோடு தொடங்கினோம். காபரேற்றரின் வாயில் மெல்லிய வலை போட்டிருந்தோம்.

விமானத்தின் வாலை நிலத்தில் அடித்த கட்டையில் கயிற்றால் கட்டி, தம்பி சிறகின் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டார். 18×10 அங்குல மரப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏழாயிரம் தடவை சுற்றும்போது அதன் முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. ஊசியைத் திருகும் கை எப்போதும் பின்பக்கத்திலிருந்தே, நீளமான திருப்புளியுடன் வர வேண்டும். முன்னால் நின்று குனிந்து எட்டுவதற்கு எந்த அவசரமும் காரணமாகாது. தொடக்கும் கையில் தடித்த தோல் கையுறை இருக்க வேண்டும்.

இரண்டு ஊசிகளையும் அடியிலிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்தோம். சோக்கை மூடி, பொறியைப் போட்டு, புரொப்பெல்லரைத் தட்டியபோது எஞ்சின் ஒருமுறை வெடித்து நின்றது. சோக்கைத் திறந்து மீண்டும் தட்டியதும் பிடித்துக்கொண்டது. உடனே ஊசியைத் தொடவில்லை. நடு வேகத்தில் ஓடவிட்டு, சிலிண்டர் நன்றாகச் சூடாகும் வரை பொறுத்தோம். குளிர்ந்த எஞ்சினில் வைத்த அளவு சூடான எஞ்சினுக்குப் பொருந்தாது.

முதலில் லோ ஊசி. முழு வேகத்திலும் லோ ஊசியின் எரிபொருள் சிறிதளவு போய்க்கொண்டிருப்பதால், ஹை ஊசியை முதலில் வைத்துவிட்டு லோவைத் திருகினால் ஹை கலைந்துவிடும். மெதுவான ஓட்டத்தில் லோ ஊசியைச் சிறிது சிறிதாக மூடும்போது வேகம் தானாக ஏறி ஓரிடத்தில் உச்சம் தொடும். அதைத் தாண்டினால் தடுமாறும். உச்சத்திலிருந்து சற்றுத் திறந்து நிறுத்தி, பிறகு திராட்டில் நிறுத்தத்தால் வேகத்தை நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்குக் கொண்டுவந்தோம். அடுத்து அரை நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ரேடியோக் கருவியின் வேகக் குச்சியைச் சட்டென்று முழுவதும் தள்ளும் சோதனை. எஞ்சின் மூச்சு முட்டி நிற்கப் பார்த்தால் கலவை லீன், அதாவது எரிபொருள் குறைவு; ஊசியைத் திறக்க வேண்டும். குளறி, புகைத்து, பிறகு தெளிந்து ஏறினால் ரிச், அதாவது எரிபொருள் கூடுதல்; மூட வேண்டும். நமது எஞ்சின் முதலில் புகைத்துக் குளறியது. ஒவ்வொரு தடவையும் மணிக்கூட்டின் நிமிட முள் ஐந்து நிமிடம் நகரும் அளவே மூடி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அரை நிமிடம் பொறுத்து மீண்டும் சோதித்தோம். குச்சியைத் தள்ளிய கணத்திலேயே ஒரே சுருதியில் ஏறும் இடம் ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலே கிடைத்தது.

பிறகு ஹை ஊசி. முழு வேகத்தில் சுற்று வேகத்தை ஒளியால் அளக்கும் டாக்கோமீற்றரைப் பின்பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு, ஊசியை மெதுவாக மூடினோம். 6,700 லிருந்து ஏறிய எண் 7,150 இல் நின்றது. அதற்கு மேல் மூடினால் ஏறவில்லை. அங்கேயே விட்டுவிடத் தோன்றும், ஆனால் அது பறப்பதற்கான அளவு அல்ல. வானத்தில் புரொப்பெல்லரின் சுமை குறைவதால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும், எரிபொருளும் கூடுதலாகக் கேட்கும். உச்சத்தில் வைத்த ஊசி அங்கே லீனாகிவிடும். லீனான டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயிலும் குறைவாகவே போய்ச் சேர்கிறது என்பதால் பிஸ்டன் இறுகும் ஆபத்து அதிலேயே இருக்கிறது. உச்சத்திலிருந்து 200 முதல் 300 சுற்று இறங்கும் வரை திறந்து, 6,900 இல் நிறுத்தினோம். ஒரு நிமிடம் முழு வேகத்தில் பிடித்தோம். எண் அசையவில்லை. தம்பி சிறகை விடாமலே தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

பறப்பில் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. மட்டமாகவும் மேல்நோக்கியும் பறக்கும்போது எஞ்சின் சீராகவே இருந்தது. முழு வேகத்தில் நீளமாகச் சரிந்து இறங்கும்போது மட்டும் குளறியது. தரையில் எவ்வளவு சோதித்தாலும் இது தெரிய வராது. காபரேற்றரின் அளவீட்டு மூடியில் ஒரு சிறு துளை உண்டு. டயபிரத்தின் வெளிப்பக்கம் அந்தத் துளையின் வழியாகவே வெளிக் காற்றை உணர்கிறது. எஞ்சினை மூடும் கவுலுக்குள் பறக்கும் வேகத்தில் காற்று திணிந்து அழுத்தம் கூடும்போது, டயபிரம் தேவையில்லாமல் உள்ளே தள்ளப்பட்டு எரிபொருள் மிகுகிறது. ஊசியை மூடி இதைச் சமாளிக்கப் பார்த்தால் மட்டப் பறப்பில் லீனாகிவிடும். மூடியைக் காபரேற்றரிலிருந்து முழுவதும் கழற்றி எடுத்து, அந்தத் துளையின் மேல் 3 மில்லிமீற்றர் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை ஈயத்தால் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு குழாயை முன் தடுப்புச் சுவரின் ஊடாக விமானத்தின் உடலுக்குள் விட்டேன். உடலுக்குள் காற்று அசைவில்லாமல் நிற்பதால் டயபிரத்துக்கு நிலையான அழுத்தம் கிடைக்கிறது. அதன் பிறகு சரிவிலும் சுருதி மாறவில்லை. அதே வேளையில் கவுலின் வெளியேறும் வாயையும் அகலப்படுத்தினேன். உள்ளே நுழையும் வாயின் பரப்பைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் வெளியேறும் வாய் இருந்தால்தான் சூடான காற்று தேங்காது. திருகோணமலை வெயிலுக்கு இரண்டரை மடங்கு வைத்தேன்.

காலநிலைக்கு ஏற்ப ஊசியை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கடல் மட்டத்தில் இருக்கும் நமக்கு உயரத்தால் வரும் மாற்றம் இல்லை, வெப்பமும் ஈரமும்தான். 25 பாகை செல்சியஸில் இருக்கும் மார்கழிக் காலைக் காற்றைவிட, 35 பாகையில் இருக்கும் ஆனி மாதப் பிற்பகல் காற்று ஏறத்தாழ 3 வீதம் அடர்த்தி குறைந்தது. ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைவதால் அதே ஊசியில் கலவை சற்று ரிச்சாகும், உச்ச வேகமும் சற்று இறங்கும். கோடையில் வைத்த ஊசியுடன் வாடைக் காலத்தின் குளிர்ந்த காலையில் பறக்கவிட்டால்தான் அது லீன் பக்கம் சாயும். கவனம் அந்த மாற்றத்துக்கே அதிகம் வேண்டும். தேவைப்படும் திருத்தம் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அதைவிடக் கூடுதலாகத் திருக வேண்டியிருந்தால் காரணம் காலநிலை அல்ல. எங்கோ வலை அடைத்திருக்கிறது அல்லது கஸ்கட் கசிகிறது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி. பறப்பு முடிந்ததும் எஞ்சினின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்தபின் மெல்லிய ஒயில் பூச்சுக் கொடுக்க வேண்டும். சைலென்சரின் மரைகளைக் குளிர்ந்த பிறகு ஒவ்வொரு பறப்பு நாளும் இறுக்கிப் பார்க்க வேண்டும்; எஞ்சினை விமானத்தில் பூட்டும் மரைகளுக்கு நீல நிறப் பூட்டுத் திரவம் போதும், சைலென்சரின் சூட்டில் அது நிற்காது என்பதால் அங்கே பூட்டு வொஷரையே நம்புகிறேன். அடுத்த வாரமே பறக்கவிடுவதாக இருந்தால் டயபிரம்கள் நனைந்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. காபரேற்றரைக் காயவிட வேண்டியதில்லை. ஐப்பசியில் மழை பிடித்து மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் தாங்கியை வெறுமையாக்கி, குழாயில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டி, பிளக் துவாரத்தில் சில துளி ஒயில் விட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சில தடவை சுற்றி, காபரேற்றரின் வாயையும் சைலென்சரின் வாயையும் துணியால் அடைத்து வைப்பேன்.

இந்த எஞ்சினில் இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும்போது முன் பெயாரிங்கில் மணல் அரைபடுவதுபோல ஒரு கரகரப்பு விரலுக்குத் தெரிகிறது. உப்புத் துருவின் தொடக்கம் அது. பெயாரிங்கின் வளையத்தில் இலக்கம் பொறித்திருக்கும். அதே அளவில், சூட்டில் விரிவதற்கு இடம் கொடுக்கும் சி3 இடைவெளியுள்ளதை வாங்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் கிராங் உறையை அடுப்புப் பெட்டியில் 120 பாகைக்குச் சூடாக்கினால் பழையது சுத்தியல் இல்லாமலே கழன்று வரும். வாடை தொடங்குமுன் அதை முடித்துவிட வேண்டும்.